வாங்குவோர்க்கும் வினை உண்டோ?

மதுரைக்கு வடக்கே அழகர்மலைத் தொடரில், கிடாரிப்பட்டிச் சிற்றூருக்கு மேலே, நம் முனிவர்கள் தவமிருந்த குகைத்தளம் ஒன்று உள்ளது. அங்கே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. கல்வெட்டறிஞர்கள் அவற்றைப் படித்து நமக்குக் காட்டும் பெயர்கள் பெரும்பாலும் இல்லறத்தார் பெயர்களே. மதுரைப் பொற்கொல்லன், உப்பு வணிகன், பாணிதம் என்னும் பாகு விற்ற வணிகன், கொழு விற்றவன், அறுவை என்னும் துணி விற்றவன் எனத் தம் தொழிலையும் சேர்த்தே அவர்கள் பொறித்து வைத்தனர். அருகிலுள்ள மாங்குளம் குன்றிலும் வெள்ளறை ஊரின் வணிகர் குழு ஒன்று முனிவர்களுக்குப் பள்ளி செய்து கொடுத்த செய்தி காணப்படுகிறது.

அண்மையில் சில குடும்பங்களாகச் சேர்ந்து அக்குகையைக் கண்டு வந்தோம். திரும்பும் வழியில், கதிரவன் மறையுமுன் உணவு கொள்ள அமர்ந்தோம். இலையில் உளுந்து வடையும் அப்பளமும் இருந்தன. மதுரை அப்பளத்திற்கு அரைக்கப்படும் உளுந்தில் பர்மாவிலிருந்து வருவதும் உண்டு என்று ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். உடனே பள்ளியில் பயிலும் ஒரு சிறுமி, “படையினர் மக்களைச் சுட்ட நாடல்லவா அது? அங்கிருந்து வருவதை நாம் வாங்கலாமா?” என்று கேட்டாள். அவளுடைய பாட்டியார், “நாம் யாரையும் துன்புறுத்தவில்லையே அம்மா, கடையில் காசு கொடுத்துத்தானே வாங்கினோம்” என்றார். சிறுமி சற்றே எண்ணிப் பார்த்து, “பாட்டி, புலால் வாங்குகிறவர்களும் இதைத்தானே சொல்கிறார்கள்?” என்றாள்.

அதன்பின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அக்கேள்விக்கு உரிய விடையை நம் ஆகம வழி நின்று தேடிப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

சாத்திரம் என்ன சொல்கிறது?

வினை நம்மிடம் வந்து சேரும் வாயில்களை நம் முன்னோர் மிக நுண்ணிதாக எண்ணி வைத்துள்ளனர். மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் ஒரு செயல் நிகழும். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படல் என அது மேலும் மூவகைப்படும். செயலுக்கு முனைதல், அதற்கு வேண்டுவன திரட்டல், செய்யத் தொடங்கல் என்னும் மூன்று நிலைகளையும், சினம், செருக்கு, மாயம், உலோபம் என்னும் நான்கு கஷாயங்களையும் கூட்டிப் பெருக்கினால் நூற்றெட்டு வரும். ஜபமாலையின் 108 மணிகளை உருட்டும்போது நாம் நினைவுகூர வேண்டிய கணக்கு இது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் இதனைக் கூறுகிறது. ‘நான் செய்யவில்லை’ என்று ஒருவர் சொல்லும்போது ஒரு வாயில் மட்டுமே அடைபடுகிறது. மற்றவை திறந்தே உள்ளன.

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்து ஆறாம் குறளும் இதையே வேறு முகமாகக் காட்டுகிறது. உண்பவர் இல்லையானால் விலைக்கு ஊன் தருவாரும் இல்லை என்பது அதன் கருத்து. கொன்றவன் வேறு, வாங்கியவன் வேறு என்னும் சமாதானத்தை அது ஏற்கவில்லை. நீலகேசியில் பௌத்தரோடு நிகழும் வாதங்களிலும் ஊனுண்ணல் பற்றிய இவ்வழக்கு இடம்பெறுகிறது. எனவே அச்சிறுமியின் கேள்வி புதியதன்று. தமிழகத்துச் சமணர் பல நூற்றாண்டுகளாகப் பிறரை நோக்கிக் கேட்ட கேள்வி, இன்று நம் இலையை நோக்கித் திரும்பியுள்ளது.

இன்னும் நேரடியான விதி கள்ளாமை விரதத்தின்கீழ் உள்ளது. தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் ஆசாரியர் உமாசுவாமி இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். திருடனை ஏவுதல், திருடன் கொணர்ந்ததை ஏற்றல், அரச ஆணைக்கு மாறாக வாணிகம் செய்தல், அளவைகளைக் கூட்டியும் குறைத்தும் வைத்தல், போலிப் பொருளைக் கலந்து விற்றல் என்பன அவை. இவற்றுள் இரண்டாவதற்குப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்த சித்தி உரையில் தரும் விளக்கம் நம் சிந்தனைக்கு உரியது. நாம் ஏவாமலும், நாம் ஒப்பாமலும் இருக்க, திருடன் தானே கொண்டுவந்த பொருளை வாங்குவதே அக்குற்றம் என்கிறார் அவர். பாட்டியார் சொன்ன மறுமொழிக்கு ஏறக்குறைய 1500 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட விடை இது. அப்பூஜ்யபாதரின் மாணாக்கராகிய வச்சிரநந்தியே கி.பி. 470 அளவில் மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்று தர்சனசாரம் என்னும் நூல் குறிப்பிடுவதும் நமக்குப் பெருமை தருவதாகும்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி தெளிவாகிறது. நம் கைக்கு வரும் இப்பொருள் விற்றவனுக்கு உரியதா? அன்றி வலிமையால் பிறரிடமிருந்து பறிக்கப்பட்டதா? இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு பர்மாவிலிருந்து வரும் பொருள்களை நோக்குவோம்.

பர்மாவும் நாமும்

இன்று மியான்மர் எனப்படும் பர்மா தமிழர்க்கு அயல்நாடு அன்று. அங்கே வாணிகம் செய்தும் கூலி வேலை செய்தும் வாழ்ந்த நம்மவர் பல இலட்சம் பேர். 1962இல் படைத்தலைவர் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகளும் வாணிக நிலையங்களும் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் தேடிய பொருளை விட்டுவிட்டுப் பெருந்தொகையான தமிழர் கப்பலேறித் தாயகம் திரும்பினர். தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் உள்ள பர்மா காலனிகள் அத்துயரின் சுவடுகள். ‘பறிக்கப்பட்ட பொருள்’ என்று நாம் சொல்லும்போது, அதில் நம் அண்டை வீட்டாரின் பொருளும் அடங்கும் என்பதை மறத்தலாகாது.

அந்நாட்டு மக்களை ஊதியமின்றிக் கட்டாய வேலை வாங்கிய கொடுமையை ஆராய்ந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் விசாரணைக் குழு 1998இல் தன் அறிக்கையை அளித்தது. 2000இல் அவ்வமைப்பு தன் சாசனத்தின் 33ஆம் விதியை வரலாற்றில் முதன்முறையாக அந்நாட்டின் மீதே பயன்படுத்தியது. 2017இல் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் படையினரின் தாக்குதலுக்கு அஞ்சி வங்கதேசத்திற்கு ஓடினர். 2021 பிப்ரவரி 1 அன்று, மக்கள் தேர்ந்தெடுத்தோரைச் சிறைப்பிடித்துப் படை மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. அதை எதிர்த்து வீதிக்கு வந்தோர் சுடப்பட்டனர். 2024 பிப்ரவரியில் இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டமும் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது.

கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், தாங்கொணாப் பாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் ஆகிய ஐந்தும் அகிம்சை விரதத்தின் அதிசாரங்கள். வண்டி மாட்டையும் உழவு மாட்டையும் மனத்திற்கொண்டே இவற்றை நாம் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். மாட்டுக்கு ஆகாதென விலக்கப்பட்டவை மனிதனுக்குச் செய்யப்படும்போது, அதிலிருந்து விளையும் செல்வத்தை நாம் ஆராயாமல் ஏற்கலாகாது.

தேக்கும் மாணிக்கமும்

பர்மாத் தேக்கின் பெருமையை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. வீடு கட்டுவோர் தலைவாயிலுக்குப் பர்மாத் தேக்கே வேண்டும் என்பர். அந்நாட்டில் தேக்கு மரம் அரசின் உடைமை. அதை வெட்டி விற்கும் உரிமை மியான்மா மரத் தொழில் நிறுவனம் என்னும் அரசு நிறுவனத்திற்கே உரியது. மணிக்கற்களுக்கும் அதுபோன்ற அரசு நிறுவனம் ஒன்று உள்ளது. 2021இல் ஆட்சியைப் பறித்தவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே கைப்பற்றினர். அதனால்தான் அமெரிக்கா 2021 ஏப்ரலிலும், ஐரோப்பிய ஒன்றியம் அவ்வாண்டு ஜூனிலும் இந்நிறுவனங்களின் மீது தடை விதித்தன.

மோகோக் பள்ளத்தாக்கின் சிவந்த மாணிக்கமும் இத்தகையதே. அச்சுரங்கங்கள் 1962க்குப் பின்னர் அரசுடைமை ஆயின. 2024 ஜூலையில் மோகோக் நகரை ஆயுதக் குழு ஒன்று படையிடமிருந்து கைப்பற்றியது. ஊர் எவர் கையில் இருப்பினும், சுரங்கத்தின் வருவாயைக் கொண்டு துப்பாக்கிகள் வாங்கப்படுகின்றன என்பதே அதன் பொருள்.

காடும் சுரங்கமும் அந்நாட்டு மக்களின் பொதுச் சொத்து. உரிமையின்றிப் பறித்தவர்கள் அதனை விற்கிறார்கள். பூஜ்யபாதர் வகுத்த இலக்கணம் இங்கே முற்றும் பொருந்துகிறது. இது திருடன் கொணர்ந்த பொருள். நாம் ஏவவில்லை, நாம் ஒப்பவில்லை என்பது நமக்குக் காப்பாகாது. மேலும் இவை இன்றியமையாப் பொருள்கள் அல்ல. வேம்பினால் செய்த கதவும் வீட்டைக் காக்கும். மாணிக்கம் பதியாத தாலியாலும் மணவறம் சிறக்கும்.

சுவேதாம்பர ஆசாரியராகிய ஹேமசந்திரர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய யோக சாஸ்திரத்தில், சிராவகர் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களுள் தந்த வாணிகமும் ஒன்று. தந்தம் முதலியவற்றை அவை தோன்றும் இடத்திலேயே சென்று கொள்வதை அவர் குறிப்பாக விலக்குகிறார். வாங்க வருவார் உண்டு என்று அறிந்தால், அவ்விடத்தார் யானையைக் கொல்வர் என்பதே காரணம். அக்காலத்தில் தோன்றும் இடம் தொலைவில் இருந்தது. இன்று தொலைபேசியில் ஒரு சொல் சொன்னால் கடல் கடந்து சரக்கு வருகிறது. வாங்குவோர் அனைவரும் இன்று அந்தத் தோன்றும் இடத்திலேயே நிற்கிறோம் எனலாம்.

உளுந்தின் நிலை வேறு

இனி உளுந்துக்கு வருவோம். 2021 ஜூனில் இந்திய அரசு மியான்மருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2021-22 முதல் 2025-26 வரை ஐந்தாண்டுகள், ஆண்டுதோறும் 2,50,000 டன் உளுந்தும் 1,00,000 டன் துவரையும் தனியார் வணிகர் வழியாக வாங்குவது என்பது அதன் சாரம். ஆட்சி பறிக்கப்பட்டு ஐந்து மாதங்கள்கூட நிறையாத வேளை அது. அவ்வுளுந்து தமிழ்நாட்டின் இட்லிக்கும் வடைக்கும் அப்பளத்திற்கும் பயன்படுகிறது.

ஆயினும் உளுந்து தேக்குப் போன்றதன்று. அதை விளைவிப்பவர் சிறு உழவர். தம் நிலத்தில் தம் உழைப்பால் விளைந்ததைத் தாமே விற்கின்றனர். அது களவுப் பொருள் ஆகாது. பறிப்பவன் இங்கே விற்பவனாக இல்லை, வழியில் நிற்கிறான். 2022 ஏப்ரலில் அந்நாட்டு மத்திய வங்கி, ஏற்றுமதியாளர் ஈட்டும் டாலரை அரசு குறித்த விலையில் உள்நாட்டுப் பணமாக மாற்றியே ஆக வேண்டும் என ஆணையிட்டது. சந்தை விலைக்கும் அரசு விலைக்கும் உள்ள வேறுபாடு ஆட்சியாளர்க்கு ஆதாயமாயிற்று. ஆகவே உளுந்து வாங்கும்போதும் ஒரு பங்கு அவர்களைச் சென்றடையும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நாம் முற்றிலும் வாங்க மறுத்தால், முதலில் வருந்துபவன் அந்த உழவனே. இங்கே அப்பளம் தேய்த்து நாட்கூலி பெறும் மதுரைப் பெண்களும் விலையேற்றத்தால் வருந்துவர். களவைத் தடுக்கப் புகுந்து, களவு கொடுத்தவனையே பட்டினியிடுதல் அறமாகாது.

ஆகவே நம் முடிவு இது. பறித்தவன் தானே விற்கும் பொருளை விலக்குவோம். உழைத்தவன் விற்கும் பொருளை, அவனை நினைந்து, அளவோடு ஏற்போம். இயலுமிடத்தில் நம் மண்ணின் உழவரிடம் வாங்குவதும் நன்று. விருதுநகர், கோவில்பட்டிக் கரிசல் நிலங்களில் மழையை நம்பி உளுந்து விளைகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட உளுந்து வகைகளை நம் உழவர் நன்கறிவர்.

சட்டம் இடம் தருகிறதே?

பர்மாத் தேக்கை இறக்குமதி செய்வதை நம் நாடு தடுக்கவில்லையே, அரச ஆணைக்கு மாறாதிருப்பதும் நம் விரதமன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். அரச ஆணையை மீறுதல் குற்றம் என்பது உண்மை. ஆனால் ஆணைக்கு உட்பட்ட அனைத்தும் அறம் என்று எந்த ஆசாரியரும் கூறவில்லை. புலால் விற்பதையும் வாங்குவதையும் சட்டம் தடுக்கவில்லை. நாம் அதனால் புலால் உண்ணத் தொடங்கினோமா? சட்டம் கீழெல்லையை வகுக்கிறது. விரதம் அதற்கு மேலே நாமே விரும்பிப் போட்டுக்கொள்ளும் வேலி.

மறுத்தலின் விலையை யார் தருவது?

மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீடு உள்ளது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அங்கே தங்கியிருந்தபோதுதான் தம் மேலாடைகளைத் துறந்து அரையாடை மட்டும் பூண்டார். அயல்நாட்டுத் துணியை விலக்குமாறு அவர் மக்களிடம் கேட்டு வந்த காலம் அது. கதர் வாங்கும் வசதி எமக்கில்லை என்று ஏழைகள் கூறினர். மறுத்தலின் விலையை ஏழையின்மேல் சுமத்த அவர் விரும்பவில்லை. தம்மீதே அதை ஏற்றுக்கொண்டார். சமண அறச் சிந்தனையாளர் ராஜசந்திரரின் நட்பால் அவர் பெற்ற பயிற்சியின் கனியாகவே இதை நாம் காண்கிறோம்.

பத்தாண்டுகள் கழித்து 1931 செப்டம்பரில், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிக்கே அவர் சென்று, நெசவாலைகள் மூடப்பட்டதால் வேலையிழந்த தொழிலாளரை நேரில் சந்தித்தார். தாம் மறுத்ததால் துன்புற்றோர் முகத்தைக் காண அவர் அஞ்சவில்லை. ஒரு பொருளை விலக்குவோர்க்கு இருக்க வேண்டிய மனநிலை இதுவே. பகைமை சிறிதும் கலவாத மறுப்பே அகிம்சை ஆகும்.

தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியோடு வாணிகத்தை முதன்முதலில் நிறுத்திய நாடு இந்தியா. 1946இல் அத்தடை விதிக்கப்பட்டது. 1959இல் அந்நாட்டுக் கறுப்பின மக்களின் தலைவர் ஆல்பர்ட் லுதூலி, தம் நாட்டுப் பொருள்களை விலக்குமாறு உலகத்தாரை வேண்டினார். அதனால் தம் மக்களுக்கும் துன்பம் நேரும் என்பதை அவர் மறைக்கவில்லை. துன்புறுவோரே கேட்கும்போது மறுத்தல் அவர்களுக்குத் துணையாகிறது. பர்மாவிலும் 2021க்குப் பின் பொதுமக்களே படையினருக்கு உரிய நிறுவனங்களின் பொருள்களை வாங்க மறுத்தனர். எதை விலக்குவது என்பதை அவர்களே நமக்குச் சுட்டிக் காட்டியுள்ளனர்.

இரண்டு ஐயங்கள்

‘நம் ஒரு குடும்பம் விலக்குவதால் அந்த ஆட்சி வீழுமா?’ என்பது முதல் ஐயம். வீழாமல் இருக்கலாம். நாம் இரவில் உண்ணாமையால் உலகில் பூச்சிகள் இறப்பது நின்றுவிடவில்லை. ஆயினும் நாம் அதைக் கைவிடவில்லை. விரதத்தின் முதற்பயன் நம் உயிரின்மேல் வந்து படியும் வினையைத் தடுப்பதே. அடுத்த பயன், நம்மைக் கண்டு மற்றொருவர் எண்ணத் தொடங்குவது.

‘எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கொடுமை கலந்துள்ளதே, எதைத்தான் வாங்குவது?’ என்பது இரண்டாம் ஐயம். இதற்காகவே நம் ஆசாரியர்கள் முனிவர்க்கு மகாவிரதமும் இல்லறத்தார்க்கு அணுவிரதமும் என இருவகை வகுத்தனர். முழுவதும் இயலாதவன் இயன்ற அளவில் தொடங்குக என்பதே அதன் கருத்து. திசைக்கு எல்லை வகுத்து, அதற்கு அப்பால் கொள்ளல் கொடுத்தல் இல்லை என உறுதி கொள்ளும் திக்விரதமும், பயனற்ற தீங்கை விலக்கும் அனர்த்த தண்ட விரதமும், பொருளுக்கு வரையறை செய்யும் விரதமும் இத்தகைய காலத்திற்குப் பெரிதும் உதவுவன. ஆசை குறையுந்தோறும் ஆராய வேண்டிய பொருள்களும் குறையும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கடல் கடந்த கொடுமையை ஆராயும் நாம் அருகில் இருப்பதைக் காணத் தவறலாகாது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், தமிழ்நாட்டின் செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் கொத்தடிமைகள் மீட்கப்பட்டுள்ளனர். வீட்டுக்குச் செங்கல் வாங்கும்போதும் அதே கேள்வியைக் கேட்போமாக.

இல்லத்தில் உரையாட

1. நம் வீட்டில் அண்மையில் வாங்கிய விலையுயர்ந்த பொருள் எது? அது எங்கே, யாரால் செய்யப்பட்டது? விற்றவருக்கு அதை விற்கும் உரிமை இருந்ததா?

2. திருடன் கொணர்ந்ததை ஏற்றலுக்கும், உழைத்தவனிடம் வாங்கியதில் ஒரு பங்கு கொடியவனைச் சேர்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைகளுக்கு எவ்வாறு விளக்குவீர்கள்?

3. வரும் தசலட்சண பர்வத்தில், அறத்தின் பொருட்டு எந்த ஒரு பொருளை ஓராண்டு விலக்க உங்கள் குடும்பம் உறுதி கொள்ளும்? அம்மறுப்பின் இழப்பு உங்களைச் சேருமா, ஏழையைச் சேருமா?

அழகர்மலையில் பெயர் பொறித்த உப்பு வணிகனும் அறுவை வணிகனும் தம் தொழிலைச் சொல்ல நாணவில்லை. முனிவர் தலைசாய்க்கும் கல்லின் அருகிலேயே அதனை எழுதி வைத்தனர். நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் அவ்வாறே அக்கல்லில் எழுத நேர்ந்தால், நாணாமல் எழுத வல்லோமா என்று எண்ணிப் பார்ப்போம். அச்சிறுமியின் பாட்டியார் அன்று ஊர் திரும்பும் வழியில் எம்மிடம் ஒன்று சொன்னார். பேத்தியின் திருமணத்திற்கென எண்ணி வைத்திருந்த பர்மா மாணிக்க அட்டிகை இனி வேண்டாமென்று முடிவு செய்துவிட்டாராம். கேள்வி கேட்ட பிள்ளைக்கு அதைவிட நல்ல விடை எம்மிடம் இல்லை.

அறம் வளர்க.